கச்சான் காலத்தில் சோதிக்கப்பட்ட புயல் எச்சரிக்கை

2023 ஆகஸ்ட் 12ஆம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் 4.10க்கு, கல்முனையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து மைக்ரோ அலையில் பேசிய குரல், நாற்பத்தேழு கிலோமீற்றர் தெற்கே கோமாரியில் கேட்டது.

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு இத்தனை மாலைகள் விழுந்த சாதனை வேறொன்றில்லை. கரையோர அமெச்சூர் வானொலிக் கழகத்தின் தலைவர் மக்கீன் ஹாஜியாருக்கு மட்டும் பதினொரு மாலைகள். டிஷ் அன்ரனாவுக்கும் ஒன்று. அது சிக்னலை மறைக்கிறதென்று ஜவாத் கழற்றப்போனபோது, படம் எடுத்து முடியும்வரை பொறுக்கச் சொன்னார்கள். குரல் தெளிவாகக் கேட்டதென்ற நற்செய்தியைக் கோமாரியிலிருந்து தொலைபேசியில்தான் சொன்னார்கள் என்பது ஒரு சிறிய விடயம்.

ஜவாத் பஸாரில் ரீவி திருத்துபவர். கழகத்தின் தொழில்நுட்பச் செயலாளர். இருபத்திரண்டு உறுப்பினரில் பரீட்சை எழுதி வானொலி அனுமதிப்பத்திரம் பெற்றவர் அவர் ஒருவரே என்பதால், முக்கியமான முடிவுகளில் கழகம் அவரைத் தொந்தரவு செய்வதில்லை.

கோமாரியில் வானொலிச் செற் இருந்தது அவருடைய தங்கை சபூறாவின் வீட்டில். சபூறாவின் கணவர் நஸீர் மீனவர். தாழமுக்கம், புயல் என்றால் கல்முனையிலிருந்து செய்தி போகும். நஸீர் கரைக்கு ஓடி, பின்னேரம் கடலுக்குப் போகும் வள்ளங்களை மறிப்பார். ஆறு வருடமாக இந்த வேலையை ஒரு பழைய வீ.எச்.எவ். செற் செய்துவந்தது. கரகரத்தது, ஆனால் அடைமழையிலும் கரகரத்தது. மைக்ரோ அலையோ பளிங்கு போலக் கேட்டது. வரலாறு தன் தீர்ப்பை வழங்கியது: எச்சரிக்கை இனி மைக்ரோ அலையில்.

அடுத்த கூட்டத்தில் ஜவாத் எழும்பினார்.

"ஹாஜியார், அண்டைக்குக் கேட்டது நம்மட டிஷ்ஷால இல்ல, மேற்கால வார கச்சான் காத்தால. தரையில சூடாகி, கடலுக்கு மேல போர்வை மாதிரிப் படுத்திருந்திச்சி. அதுக்குக் கீழால அலை வளைஞ்சி வளைஞ்சி போச்சி. கச்சான் நிண்டா போர்வை இல்ல. மாரி வந்தா மிச்சத்தையும் மழை குடிச்சிரும்."

மக்கீன் ஹாஜியார் யோசித்தார். "அப்ப காத்துக்கா மாலை போட்டிருக்கணும்?"

"காத்து கழக உறுப்பினரில்ல," என்றார் செயலாளர் அப்துல் ஸமட், ஓய்வுபெற்ற தலைமை எழுதுவினைஞர். "அறிக்கையில அதுட பேரப் போட ஏலாது."

"அதே பின்னேரம் சென்னையில ஒராளும் நம்மளக் கேட்டிருக்காரு. அறுநூறு கிலோமீற்றர்! காத்துட வேலையெண்டதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் ஜவாத்.

"அதத்தான் நானும் சொல்றன், மனே. இந்தியாவுக்குப் போற சாமான் கோமாரிக்குப் போகாதா?" என்றார் ஹாஜியார்.

கைதட்டல் எழுந்தது.

"மாரியில ஒருக்காச் சோதிச்சிப் பாப்பம்," என்றார் ஜவாத்.

"மழைக்குள்ள அதிதிகள எங்க இருத்துற?" என்றார் ஸமட்.

"மழைக்காலம் சோதனைகளுக்குப் பொருத்தமற்றதெனக் காணப்பட்டது" என்று கூட்டக் குறிப்பில் பதியப்பட்டது.

"பழைய செற்றையாவது நஸீரிட வீட்டில விடுங்க."

"ரெண்டையும் வச்சிருந்தா, புதுசில நமக்கே நம்பிக்கையில்லண்டு ஊர் கதைக்கும்," என்றார் ஹாஜியார். பழைய செற் கோமாரியிலிருந்து கழற்றப்பட்டு, கழக மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் "பாரம்பரியச் சின்னம்" ஆனது.

ஸமட் ஓர் ஒழுங்குவிதிக் கோவையும் அச்சிட்டார். அதன் மணிமுடி ஏழாம் விதி: "பிற்பகல் மூன்று மணிவரை எச்சரிக்கை எதுவும் பெறப்படாவிடின், ஆபத்து இல்லையெனக் கொள்க."

"செற் செத்துக் கிடந்தாலுமா?" என்று கேட்டார் ஜவாத்.

"அதுக்கு எட்டாம் விதி இரிக்கி. 'செற் எக்காலத்திலும் நல்ல நிலையில் பேணப்படும்.'"

ஜவாத் நஸீரிடமும் சொல்லிப் பார்த்தார். நஸீர் தொலைபேசியில் சிரித்தார். "விடு மச்சான், பழசக் கழட்டின கோபம் ஒனக்கு. படிச்ச மனிசர் சட்டம் அடிச்சித் தந்திரிக்காங்க. நான் அதச் சுவரில ஒட்டியிரிக்கன்."

நவம்பர் 20ஆம் திகதி நண்பகல், தாழமுக்க அறிவித்தல் வந்தது. கோமாரியில் காலையிலிருந்து கரன்ட் இல்லை; தொலைபேசி ரவரும் படுத்துவிட்டது. இப்படியான ஒரு நாளுக்காகவே கழகம் பிறந்திருந்தது. ஜவாத் பற்றறியைப் பூட்டிக் கூப்பிடத் தொடங்கினார். அக்கரைப்பற்றுக்கு அங்கால் வானமே தெரியாத மழை.

ஹாஜியார் படியேறி வந்து நிலைமையை ஒரே பார்வையில் அறிந்துகொண்டார். "டிஷ் நனையுது. அதான் போகுதில்ல. குடை பிடிங்க!"

ஸமட் குடை பிடித்தார்.

"மழை டிஷ்ஷில இல்ல, ஹாஜியார். நாப்பத்தேழு கிலோமீற்றருக்கும் பெய்யுது."

"அவ்வளவு குடைக்கு இந்த வருஷம் ஒதுக்கீடு இல்ல," என்றார் ஸமட்.

ஒன்று இருபதுக்கு ஜவாத் மைக்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழியில் தம்பிலுவிலில் வெள்ளம் வீதியைக் கடந்துகொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். கோமாரிக்கு வந்து சேர்ந்தபோது நேரம் மூன்று ஐம்பது. அங்கே வெறும் தூறல்.

"எங்க அவன்?"

"மூணு மணி வரைக்கும் பற்றறியில பெட்டியப் போட்டு முன்னால குந்தியிருந்தாரு, காக்கா," என்று அண்ணனிடம் சொன்னாள் சபூறா. "இரைச்சல் மட்டுந்தான். மத்த வள்ளக்காரரும் வாசலில நிண்டு கேட்டாங்க. சட்டத்தில போகலாமெண்டு இரிக்கேயெண்டு மூணு வள்ளமும் போயிட்டு. ஏன், என்ன?"

ஜவாத் கரைக்கு ஓடினார். கடலில் ஒரு வள்ளமும் தெரியவில்லை.

இரண்டு வள்ளங்கள் மறுநாள் உடைந்த நிலையில் கரை சேர்ந்தன. மூன்றாவது வரவில்லை.

எட்டு நாட்களில் கழகம் தன் விசாரணையைப் பூர்த்திசெய்தது. எச்சரிக்கை "உரிய நேரத்தில், உரிய அலைவரிசையில், உரிய தமிழில்" அனுப்பப்பட்டதென்றும், அது பெறப்படாமைக்கு வானிலையே முழுப் பொறுப்பென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஸமட் ஒரு படிவத்தை நீட்டினார்.

"இதில பெறுநர் நிலையப் பொறுப்பாளர்ட ஒப்பம் வேணும். நஸீரிட்ட வாங்கித் தாங்க."

"நஸீர் இல்ல, சேர்."

"அப்ப அவருக்குப் பதிலா யாரு கடமையில?"

ஜவாத் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுக் கோமாரி பஸ்ஸுக்குப் போனார்.

நஸீரின் வள்ளம் பாணமைக்குத் தெற்கே கவிழ்ந்த நிலையில் கரையொதுங்கியிருந்தது. அதில் போன மூன்று பேரும் கிடைக்கவில்லை.