அண்டாவை வெளியேற்றிய விதிமுறை

திருக்காட்டுப்பள்ளி,
புரட்டாசி 28, செவ்வாய்.

முத்துப்பேட்டை மச்சான் ராஜராஜன் அவர்களுக்கு, பஞ்சநதம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம், நாற்பத்தெட்டு மூட்டை நெல்லும் நலம். தாங்களும், தங்கள் தென்னந்தோப்பும், வெள்ளிக்கிழமை மதியம் முதல் தங்கள் வீட்டில் இருக்கும் தங்கள் தங்கை தர்மாம்பாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கையைப் பற்றித் தாங்கள் எழுதினால்தான் எனக்குத் தெரியும். என் போனை அவள் எடுப்பதில்லை.

முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இது மன்னிப்புக் கடிதம் அல்ல, விளக்கக் கடிதம். முப்பத்தோரு வருடம் புள்ளியியல் துறையில் வயல் வயலாகப் போய் விளைச்சலை அளந்தவன் நான். காரணம் எழுதாமல் ஒரு செம்பைக்கூட இடம் மாற்றியதில்லை. தங்கள் வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டாவை நான் மழையில் வைத்தேன் என்றும், அதன் ஒரு காது கழன்றுவிட்டது என்றும் தங்கை சொல்லியிருப்பாள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் முறைப்படி நடந்தவை.

இந்த வருடம் குறுவை குறை சொல்ல முடியாமல் விளைந்தது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள், நெல்லில் ஈரம் கூடுதல் என்றும் சொன்னார்கள், ஆகவே நாற்பத்தெட்டு மூட்டை நெல்லையும் ரோட்டோரம் கொட்டிக் காயவைத்தோம், வானமோ தினமும் மேற்கே கறுத்துக் கறுத்துப் போய்க்கொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகையில் மாடும் இல்லை, பாதிக் கூரையும் இல்லை. நனையாத இடம் கூடம் ஒன்றுதான், அதில் கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த சாமான். எதை வெளியே அனுப்புவது என்று நான் நோட்டும் கையுமாக நின்றபோது, பத்து நாள் லீவில் வந்திருந்த மகள் வானதி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"கம்ப்யூட்டர்லயும் இதே பிரச்சனைதாம்பா. மெமரிதான் கூடம். அதைச் சின்னச் சின்னப் பக்கமாப் பிரிச்சு வச்சிருப்போம். புது வேலை வந்து இடம் பத்தலன்னா, ரொம்ப நாளா யாரும் தொடாத பக்கமாப் பாத்து டிஸ்க்குக்கு அனுப்பணும். டிஸ்க் நம்ம கொட்டகை மாதிரி. இடம் நிறைய இருக்கும், போய் எடுத்துட்டு வர நேரமாகும்."

"யார் பாத்து அனுப்புறது?"

"கர்னல்னு ஒரு புரோகிராம். எல்லாத்துக்கும் அடியில உக்காந்திருக்கும். அது சரியான பக்கமாத் தேர்ந்தெடுக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே."

"எதைத் தொடலன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறி உண்டு. தொட்டா குறி மாறிடும். நாங்க சுத்திச் சுத்தி வந்து பாப்போம். ரெண்டு சுத்துலயும் மாறலன்னா, வெளிய."

அடுக்களையிலிருந்து தங்கள் தங்கை, "இதுக்கா நாலு வருஷம் படிச்ச? என்னைக் கேட்டா எது வேணும் எது வேணாம்னு நானே சொல்லுவனே" என்றாள். அந்தக் கருத்தை நான் அப்போது நோட்டில் பதிவு செய்யவில்லை.

வானதி பெங்களூர் திரும்பியதும் இரண்டு பாக்கெட் சாக்பீஸ் வாங்கி, கூடத்தில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பொருளுக்கும் ஒவ்வொரு கோடு போட்டேன். எடுத்துப் புழங்குகிறவர் கோட்டை அழித்துவிட வேண்டும். மூன்று நாள் கழித்தும் கோடு அழியாத பொருள் கொட்டகைக்குப் போகும். முதல் சுற்றில் எழுபது பொருள் போயிற்று. அலுவலகத்தில்கூட நான் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை முடித்ததில்லை. அடுத்த சுற்றுக்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் அம்சம் ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக வந்து, கூடத்தில் ஒன்று விடாமல் துடைத்து, பொட்டும் வைத்துவிட்டாள். எல்லாக் கோடும் காலி. நோட்டின்படி அன்று ஒரே காலையில், 1998ஆம் வருடத்து டேப் ரிக்கார்டர் உட்பட எல்லாமே அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் பொருள்கள்.

வானதிக்குப் போன் செய்தேன். சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள். "அப்பா, இது எங்களுக்கும் நடக்கும். ஏதாவது ஒரு புரோகிராம் வந்து எல்லாத்தையும் ஒரே ஒரு தடவை தொட்டுட்டுப் போயிடும். உடனே எல்லாம் முக்கியமானது மாதிரி தெரியும். அதனால ஒரு தடவை தொட்டதை நம்பக் கூடாது. ரெண்டாவது தடவையும் தொட்டாத்தான் முன்வரிசை." ஆகவே அன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடு. ஒருமுறை எடுத்தால் ஒரு கோடுதான் அழிக்கலாம். தங்கள் தங்கை காபி டம்ளரை எடுக்கும்போதெல்லாம் "ஒண்ணா, ரெண்டா?" என்று நான் கேட்டது தவறு என்று சொல்கிறாள். கணக்கு என்றால் கேட்கத்தான் வேண்டும்.

இதற்குப் பின் நடந்ததில் என் பங்கு கொஞ்சம் உண்டு என்பதை மறைக்கவில்லை. வேகம் போதவில்லை என்று மூன்று நாளை ஒரு நாளாகக் குறைத்தேன். கோணி ஊசி கொட்டகைக்குப் போன அடுத்த மணி நேரத்திலேயே மூட்டை தைக்க ஊசி வேண்டும் என்றார்கள். குடை போன அன்று தூறியது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டுப் பார்க்கலாம் என்று தங்கை நினைத்த அன்று அச்சு போயிருந்தது. அதைக் கொண்டுவர இடம் வேண்டுமே என்று அரிவாள்மனையை அனுப்பினேன், பத்து நிமிடத்தில் அரிவாள்மனை வேண்டும் என்றாள், முறுக்கு அச்சைத் திருப்பி அனுப்பினேன். அம்சம் காலையிலிருந்து கூடத்துக்கும் கொட்டகைக்கும் நடந்து, கடைசியில் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யா, ரோட்டுல நெல்லு கிளற ஆளில்ல. நான் இங்க அம்மிய ஊர்வலம் விட்டுக்கிட்டிருக்கேன்."

"அம்மி நேத்து கோடு அழியல, அம்சம்."

"மிக்சி ரிப்பேரு. இன்னிக்கி அம்மாவுக்கு அதான் வேணும். இப்ப அத உள்ள வைக்கவா, இல்ல வாசல்லயே நிறுத்தி நாளைக்கி என்ன ஆவும்னு கேட்டுக்கவா?"

இதற்கும் வானதியிடம் பெயர் இருக்கிறது. த்ராஷிங். எடுப்பதும் வைப்பதுமே வேலையாகி, எதற்காக இடம் பண்ணினோமோ அந்த வேலை நின்றுபோவது. பெரிய பெரிய கம்பெனிக் கம்ப்யூட்டர்களே இதில் மூச்சுத் திணறும் என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அம்சத்துக்கு இல்லை.

மச்சான், இப்போது அண்டாவுக்கு வருகிறேன். போன செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. எங்கள் வயல் வேலைக்கு வரும் வீரையனும் இன்னும் மூன்று பேரும் நெல்லை அள்ளிக் கட்டி, தலையில் மூட்டையோடு வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள். கூடத்தில் நாற்பத்து நான்கு மூட்டைக்குத்தான் இடம் ஆகியிருந்தது. கடைசி நான்கும் அவர்கள் தலையில். நான் நோட்டைப் புரட்டினேன்.

"அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க. கழுத்து உள்ள எறங்குது," என்றார் வீரையன்.

"ஒரு நிமிஷம். எதுல ரெண்டு கோடும் இருக்குன்னு பாக்கறேன்."

"நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள மூட்டை மொளச்சிரும்."

இடம் தேவைப்படும் முன்பே பின்னால் மெல்ல மெல்லக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும், ஆள் வாசலில் வந்து நின்றபின் தேடக் கூடாது என்று வானதி முதல் நாளே சொல்லியிருந்தாள். அந்தச் சமயத்தில் எனக்கு நினைவு வந்தது அவள் சொன்ன இன்னொன்று: ஒன்றுமே முடியாவிட்டால் கர்னல் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதிலேயே பெரியதைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். கூடத்தில் பெரியது அண்டா. இரண்டு கோடும் அப்படியே இருந்தன. தள்ளினேன். முற்றத்துக் கல்லில் இடித்து ஒரு காது தனியாகப் போயிற்று. நான்கு மூட்டை உள்ளே வந்தன. ஒரு நெல்மணி நனையவில்லை.

தங்கள் தங்கை முற்றத்தில் இறங்கினாள். கழன்ற காதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அடுக்களைக் கதவு நிலையில் ஒரு கோடு போட்டாள். "இது என் பேர்ல. கோடு, குறி இல்லாம நீங்களா வந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா நானே அழிச்சிருவேன்" என்றாள். நான் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாள் மூட்டைகளை எண்ணினேன், அதற்கு மறுநாள் நோட்டைச் சுத்தப் பிரதி எடுத்தேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் பையோடு வந்து நின்றாள். "மூணு நாள் ஆச்சுங்க. கோடு அழியல. உங்க மொத விதிப்படி நானே வெளிய போறேன். உங்களுக்கு இடம் மிச்சம்."

நடந்தது இவ்வளவுதான். நெல் காய்ந்திருக்கிறது, முறை வென்றிருக்கிறது. முழு விவரத்துக்காக இன்னொன்றும் சொல்கிறேன். வெளியே அனுப்பிய பொருளை மறுபடி கேட்டால் எழுதுவதற்கு நோட்டில் ஒரு கட்டம் உண்டு. இந்த நான்கு நாளில் அதில் 'தர்மா' என்ற பெயருக்கு நேரே அறுபத்தொன்று என்று இருக்கிறது. சர்க்கரை எங்கே, மோட்டார் ரூம் சாவி எங்கே, இன்று என்ன கிழமை, இந்தச் சட்டைக்கு இன்னொரு பித்தான் இருந்ததே. கடைசி இருபதில் பொருள் எதுவும் இல்லை. பெயரைச் சும்மா கூப்பிட்டது. வானதியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அனுப்பின உடனே திரும்பத் திரும்பக் கேட்டா, பக்கத்து மேல தப்பில்லப்பா. அனுப்பினவன் மேலதான் தப்பு. அதை நேரா முன்வரிசையில கொண்டுவந்து வைக்கணும்" என்றாள். இது கம்ப்யூட்டருக்குச் சொன்னது. தகவலுக்காகத் தெரிவிக்கிறேன்.

ஆகவே வரும் திங்கட்கிழமை தீபாவளி என்பதை உத்தேசித்து, சனிக்கிழமைக்குள் தங்கையைப் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிடவும். நான் அழைக்க வருவதாக இல்லை. வந்தால் முறை தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியும். தென்னையில் காய் திரண்டு, தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்
பஞ்சநதம்

பி.கு.: மேலே உள்ளதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், தபாலிலும் சேர்க்கவில்லை. நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் நானே கையோடு கொண்டுவருகிறேன். அண்டாவுக்குத் தஞ்சாவூரில் காது பற்றவைத்தாயிற்று, அதுவும் என்னோடு வருகிறது, ஒரு டிக்கெட் கூடுதல் கேட்பார்கள். படித்ததும் கிழித்துவிடவும், தங்கையிடம் காட்ட வேண்டாம். கூடத்தில் அண்டா இருந்த இடத்தைக் காலி செய்து, அங்கிருந்த நான்கு மூட்டையையும் என் கட்டில் மேல் ஏற்றிவிட்டேன். இன்று நோட்டை முழுக்கச் சரிபார்த்ததில், இந்த நான்கு நாளில் யாரும் ஒருமுறைகூடக் கேட்காதது இந்த வீட்டில் ஒன்றுதான் என்று தெரிந்தது. விதிப்படி அதைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். அங்கிருந்துதான் எழுதுகிறேன், கூரை ஒழுகுகிறது, எழுத்து கலங்கியிருந்தால் அதுதான் காரணம். கதவு நிலையில் உள்ள கோட்டைத் துடைக்கக் கூடாது என்று அம்சத்திடம் சொல்லியிருக்கிறேன். அதை அழிக்க வேண்டியவள் வந்து அழிக்கட்டும். பேச வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. "சாப்பிட்டியா" என்று ஆரம்பிக்கலாமா, மச்சான்?