பிளீச்சிங் தட்டுக்கு அந்தப் பக்கம்

கோழிக்குக் காவலான்னா கேக்குறீங்க? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கோழிங்க கேட்டுக்கு உள்ள கீது. நான் வெளிய, வண்டி நிறுத்துற தகர ஷெட்ல கீறேன். அவ்ளோதான் விசயம்.

எர்ணாவூர்ல எங்க பின்னாடித் தெருவுல வெள்ளைக் கழிச்சல் வந்து மொத்தக் கோழியும் சுருண்டுச்சு. எங்க வூட்டுக் கோழிங்க என் சம்சாரம் ஜானட் வளக்குறது. ஒவ்வொண்ணுக்கும் பேர் கீது. எனக்குப் பேர் 'யோவ்'.

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். "ஊசி போட்டாலும் சீக்கு செருப்புல, துணில ஒட்டிக்கினு வரும். வேற கோழியாண்ட போனவங்க குளிச்சு, துணி மாத்திட்டுதான் உள்ள வரணும்"னாங்க டாக்டரம்மா.

அப்பதான் எனக்கு ஞானம் பொறந்துச்சு. ஜானட்டோட தம்பி டெரிக்குக்கு புளியந்தோப்புல கோழிக்கடையில வேலை. ஞாயித்துக்கிழமையானா வந்துருவான். வஞ்சிரத்துல நடுத்துண்டு அவனுக்கு. டிவி ரிமோட்டும் அவனுக்கு.

செருப்ப நனைச்சிட்டு வரணும்னு கேட்டாண்ட பிளீச்சிங் தண்ணி தட்டு வச்சேன்.

"ஜானட், வேற கோழியாண்ட போனவன் பதினஞ்சு நாள் வெளிய!"

"குளிச்சிட்டு வந்தா?"

"குளிச்சா போவாது. தோலுக்குள்ள பூந்துரும்."

"யாரா இருந்தாலுமா?"

"எங்கப்பனே வந்தாலும்."

ஞாயித்துக்கிழமை டெரிக் வந்தான்.

"மச்சான், அங்கியே நில்லு! கோழிக்கடைக்காரன் உள்ள வரக்கூடாது."

"கடைய வுட்டு ஒரு மாசம் ஆச்சு மாமா. இப்ப ஹார்பர்ல கீறேன். கோழியக் கண்ணாலயே பாக்கல. ஆங், நேத்து பாத்தேன். மஜீது பாய் மொட்டமாடில நீ சண்டைச் சேவல மடில வச்சு உருவி வுட்டுக்கினு இருந்தியே!"

ஜானட் கரண்டியோட வந்துச்சு.

"நேத்து ஓவர்டைம்னியே?"

நான் குனிஞ்சு பிளீச்சிங் தட்ட நேரா வச்சேன்.

"டேய் டெரிக், நீ அந்தச் சேவலாண்ட போனியா?"

"இல்லக்கா. ரோட்ல இருந்துதான் பாத்தேன்."

"அப்ப செருப்ப நனைச்சிட்டு உள்ள வா. யோவ், நீ வெளிய போ."

"நேத்தே சோப்பு போட்டுக் குளிச்சிட்டேன் ஜானட்!"

"குளிச்சா போவாதுன்னு நீதான சொன்ன? என் கோழி எதுனா ஒண்ணு தலைய தொங்கப் போடட்டும், அப்புறம் பதினஞ்சு நாள் இல்ல, நீ பர்மனென்டா வெளியதான்."

டாக்டரம்மா நெசமா சொன்னத சொல்லலாம். சொன்னா ஓவர்டைம் பொய்யோட இன்னொரு பொய்யும் மாட்டும். ஜானட் நீட்டுன கோரப்பாய வாங்கிக்கினேன். இப்ப ஷெட்டுலருந்தே தினம் கோழிங்கள எட்டி எட்டிப் பாக்குறேன் சார். ஒண்ணு தும்முனாலும் எனக்கு வேர்க்குது.

"பா... பா... பா..."

கேக்குதா? இல்ல சார், கோழிக்கு ஜானட் அப்பவே தீனி வச்சிருச்சு. சோத்துக்கு என்னத்தான் கூப்புடுது. வரேன்.