வைத்திலிங்கத்தின் முதுகில் ஐந்து தடம்

செவ்வாய்க்கிழமை காலையில் வைத்திலிங்கத்தின் கழுத்து இடது பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவதுபோல இருந்தார். போன் மேசைமேல் சார்ஜில் கிடந்தது.

தெருவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மக்காச்சோளம் அறுக்கிற மெஷின் எங்கள் பக்கத்தில் அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது. தை பிறந்தால் கையில் பைக், தோளில் போன், வாயில் ஒரே பேச்சு: "நாளைக்குத்தாங்க. நாளைக்கு வண்டி உங்க கொல்லையிலதான் நிக்கும்." ஒரே நாளில் ஐந்து பேரின் சோளக் கொல்லைக்கு அந்த ஒரு மெஷினைச் சொல்லி வைப்பார். பொய் பேசுகிறவர் என்று சொல்லிவிட முடியாது. முடியாது என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை அரியலூர்லேர்ந்து நம்ம ஆர்த்திக்குப் பூ வைக்க வராங்க," என்றாள் மனைவி பஞ்சவர்ணம். "சம்பந்தியை இப்படி ஓரமாப் பார்த்தீங்கன்னா திமிரு புடிச்சவருன்னு நெனைப்பாங்க."

"சரி."

"சரின்னா?"

"நிமித்திடுறேன்."

தைலம் தேய்த்தார். தோல் எரிந்தது, கழுத்து அசையவில்லை. மத்தியானம், சாக்கு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பெரம்பலூர் டவுனுக்கு பஸ் ஏறினார். போனது புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிக்கு. அங்கே ஒரு போர்டு: பிசியோதெரபி, டீப் டிஷ்யூ மசாஜ்.

அந்த போர்டு வைத்த நாளிலிருந்தே எங்கள் தெருவில் அதைப் பற்றி ஒரு கருத்து உண்டு. முதல் வார்த்தையை யாரும் படிக்கவில்லை. கடைசி வார்த்தையைப் படிக்காதவர் யாரும் இல்லை. வைத்திலிங்கம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் படி ஏறினார்.

உள்ளே ஏஞ்சல் மேரி இருந்தாள். ஏலாக்குறிச்சிப் பொண்ணு, முறையாகப் படித்தவள். பிரஷர் பார்த்தாள், மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள், குப்புறப் படுக்கச் சொன்னாள்.

"ஐயா, இது சும்மா எண்ணெய் தேய்க்கிறது இல்ல. மொதல்ல மேலாக்க சூடு பண்ணுவேன். அப்புறம் மெதுவா அடித்தசைக்குப் போவேன். இறுகிக் கெடக்குற முடிச்சு மேல அழுத்தம் குடுத்துப் புடிச்சிருப்பேன். மூச்சை இழுத்து விட்டுக்கிட்டே இருங்க. வலி பத்துக்கு ஆறைத் தாண்டினா உடனே சொல்லணும். தாங்கிக்கிட்டுக் கெடந்தா நல்லது இல்ல."

"சரிம்மா."

கட்டை விரலை வைத்தாள். "எவ்வளவுங்க?"

"ரெண்டு."

முழங்கையை வைத்தாள். "இப்ப?"

"ரெண்டுதாம்மா."

"கண்ணுல தண்ணி வருதே."

"தூசி."

நாற்பது நிமிஷம் கழித்து எழுந்தபோது கழுத்து நேராக நின்றது. இடது பக்கம் திரும்பியது, வலது பக்கமும் திரும்பியது. படியிறங்கும்போது, தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் வலியில்லாமல் பார்த்துக்கொண்டார். நிறையத் தண்ணீர் குடியுங்கள், இரண்டு நாளைக்கு அடித்துப் போட்டாற்போல இருக்கும், பயப்படாதீர்கள் என்று ஏஞ்சல் மேரி போன் நம்பர் போட்ட ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். சட்டைப்பையில் வைத்தார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

புதன்கிழமை காலை கொல்லைப்புறத்தில் குளிக்கச் சட்டையைக் கழற்றினார். பஞ்சவர்ணத்தின் கையிலிருந்த சொம்பு விழுந்தது. முதுகில் ஐந்து தடம். ஒவ்வொன்றும் நாவல்பழ நிறம்.

"என்னாங்க இது?"

"மாடு முட்டிருச்சு."

"நம்மகிட்ட ஏது மாடு?"

"அடுத்தவங்க மாடு."

"அஞ்சு தடவையா முட்டும்?"

"பஸ்ல விழுந்தேன்."

"மாடா, பஸ்ஸா? ஒண்ணைச் சொல்லுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கலியம்மாள் இரண்டையும் நம்பவில்லை. ஆம்பளை முதுகில் ஐந்து தடம், வாயில் இரண்டு காரணம். இதற்கு மேல் ஒருத்தருக்கு என்ன வேண்டும்? பத்து மணிக்கு, வைத்திலிங்கத்தை யாரோ அடித்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு, அடித்தவர்கள் ஐந்து பேர் என்பதும் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அரியலூரிலிருந்து சம்பந்தி செல்லமுத்து போன் செய்தார்.

"சம்பந்தி, ஒரு சேதி காதுல விழுந்துச்சு. யாரோ கை வெச்சுட்டாங்களாமே?"

உண்மையைச் சொல்ல வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். அந்த போர்டின் கடைசி வார்த்தை கண்முன் வந்தது. அடி வாங்கினவன் வீட்டில் பெண் எடுப்பார்கள். மசாஜுக்குப் போனவன் வீட்டில் எடுப்பார்களா?

"ஆமாங்க," என்றார்.

"அஞ்சு பேராமே?"

"ஆமாங்க."

"போலீசுக்குப் போகலாமே?"

"சரிங்க."

போனை வைத்தபோது, நடக்காத சம்பவத்துக்கு அவரே சாட்சி சொல்லி முடித்திருந்தார்.

வியாழக்கிழமை காலையில் அய்யாக்கண்ணு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டவர். மூன்று வாரமாக "நாளைக்கு" கேட்டுக்கொண்டிருக்கிறவர். அதற்குள் காட்டுப்பன்னி புகுந்து அரை ஏக்கரைத் தின்றுவிட்டது. அவரைப் பார்த்ததும் வைத்திலிங்கத்துக்கு வாய் தானாகத் திறந்தது.

"நாளைக்கு வண்டி உங்க கொல்லை..."

"அதை விடுங்க. ஒடம்பைப் பாருங்க." குரலில் அவ்வளவு கனிவு. "எத்தனை பேருங்க?"

"அஞ்சு."

அய்யாக்கண்ணு விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "சரியா அஞ்சா?"

"ஆமாங்க."

"ம். இதுக்கு மேல ஒரு மனுசனை யாரு என்ன சொல்றது? நான் மத்தவங்ககிட்ட சொல்லிடுறேன்."

அன்று முழுக்க ஒரு போனும் வரவில்லை. எந்தக் கொல்லைக்காரரும் மெஷினைக் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் மெஷின் முதல்முறையாக வரிசைப்படி ஓடியது. ஊர் இவ்வளவு நல்ல ஊரா என்று வைத்திலிங்கத்துக்குக் கண் கலங்கியது. காலையில் அய்யாக்கண்ணு கிளம்பும்போது அவரிடம், "ஞாயித்துக்கிழமை ஆர்த்திக்குப் பூ வைக்கிறாங்க, நீங்களும் வந்துடணும்," என்றும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, தட்டுகளை வைத்து, எல்லோரும் உட்கார்ந்தார்கள். அய்யாக்கண்ணு கதவோரம் இடம் பிடித்திருந்தார். பூத்தட்டை எடுக்கப்போன தன் மனைவியைச் செல்லமுத்து கையமர்த்தினார்.

"ஒரு பேச்சு. அஞ்சு பேரு ஒண்ணு சேர்ந்து ஒருத்தரை அடிக்கிறாங்கன்னா காரணம் இருக்கும். அது என்னான்னு எங்களுக்குத் தெரியணும். நாளைக்குக் கல்யாண மண்டபத்துக்கும் அவங்க வர மாட்டாங்கன்னு என்னா நிச்சயம்?"

தட்டில் மல்லிகை வாடிக்கொண்டிருந்தது. ஆர்த்தியின் கண் நிறைந்துவிட்டது. வைத்திலிங்கத்தின் கழுத்து மெல்ல இடது பக்கம் சாயத் தொடங்கியது.

அப்போது ஆர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அறைக்குள் போனாள். ஏஞ்சல் மேரியோடு வந்தாள். துவைக்கப் போட்ட சட்டைப்பையில் அந்தச் சீட்டை அவள் சனிக்கிழமையே பார்த்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து, ஏஞ்சல் மேரியை வரவழைத்து அறைக்குள் உட்கார வைத்திருந்தாள்.

"அப்பாவை யாரும் அடிக்கலை. இவங்க சொல்லுவாங்க."

ஏஞ்சல் மேரி நின்றபடியே சொன்னாள். முடிச்சு எப்படி விழுகிறது, அழுத்தம் கொடுத்தால் அது எப்படி இளகுகிறது, இளகினால் திரும்ப முடியாத கழுத்து எப்படித் திரும்புகிறது, தூக்கம் எப்படி வருகிறது என்று ஒன்றொன்றாக. கடைசியில் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"வலிக்குதான்னு ஏழு தடவை கேட்டேங்க. ஏழு தடவையும் ரெண்டுன்னாரு. அந்தத் தடமெல்லாம் என் முழங்கை. கண்ணீரைப் பார்த்தே நான் நிறுத்தியிருக்கணும்."

பஞ்சவர்ணம் கணவரைப் பார்த்தாள். "இதை மறைக்கிறதுக்கா மாடு, பஸ்ஸு?"

"நீ என்னா நெனைப்பியோன்னு..."

"ரெண்டுன்னு சொன்னீங்களே, அதைத்தான் நெனைக்கிறேன்."

செல்லமுத்து தன் வலது தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

"இதுக்கும் முடியுமாம்மா?"

"பார்க்கலாங்க. ஆனா வலிச்சா சொல்லணும்."

"நான் கத்திடுவேன்," என்றார் அவர், மிகவும் பொறுப்பாக. பிறகு மனைவியிடம் தலையசைத்தார். ஆர்த்தியின் தலையில் பூ ஏறியது. பஞ்சவர்ணம் பாயசத்துக்கு எழுந்தாள். வைத்திலிங்கத்தின் கழுத்து நேராகிவிட்டது.

கதவோரத்திலிருந்து அய்யாக்கண்ணு எழுந்து வந்தார். வைத்திலிங்கத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப உங்களை நெசமாவே யாரும் அடிக்கலை?"

"இல்லீங்க," என்றார் வைத்திலிங்கம். இந்த ஒரு தடவை அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது.

அய்யாக்கண்ணு பெருமூச்சு விட்டார்.

"யாரோ முந்திக்கிட்டாங்கன்னு நெனைச்சு, வெள்ளிக்கிழமைக்குப் பேசி வெச்சிருந்ததை நாங்க அஞ்சு பேரும் விட்டுட்டோங்க. இன்னிக்கு நல்ல காரியம் நடந்த வூடு, நல்லாச் சாப்பிடுங்க. நாளைக்கு வரோம்."