சாயம் ஏறிய கொடி

வாளியில் வெள்ளையாக ஊறப்போட்ட கொடி ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது.

அதே வாளியில் தன் சிவப்புப் பாவாடையும் கிடப்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. பறவை எச்சம் பட்ட கொடியைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டலாமே என்ற ஆசை. ஆசைதான் எப்போதும் அவளைக் கவிழ்க்கும்.

செல்போன் எட்டாத அந்த மீனவ ஊரில், அவள் வீட்டுப் பின்மேட்டுக் கொடிக்கம்பம்தான் கடலுக்குச் சேதி சொல்லும். வெள்ளை என்றால் நிம்மதியாக மீன் பிடி. சிவப்பு என்றால் புயல், திரும்பு. நீலம் என்றால் ஊரில் சாவு. தலைமுறை தலைமுறையாகக் கணவன் வீட்டு ஆண்களின் பொறுப்பு அது. மாமனார் மூட்டுவலியில் படுத்ததும், வாய்விட்டுக் கேட்டு அவள் வாங்கிக்கொண்டாள்.

"பொம்பளை கையில கொடியா? சரி, இந்த மாசம் பார்ப்போம்" என்றது படகுச் சங்கம்.

வாழ வந்த ஊரில் அவளுடையது என்று இருந்தது அந்தக் கொடிக்கயிறு ஒன்றுதான்.

"தூரத்துல வெள்ளையாத்தான் தெரியும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏற்றினாள்.

வேலிக்கு அப்பால் நாத்தனாரின் தலை முளைத்தது. "என்ன அண்ணி, புயலா?"

"சும்மா இரு. வெயில்ல அப்படித் தெரியுது."

"கடலுக்கும் அப்படித்தான் தெரியுது போல. அங்க பாருங்க, அண்ணன் படகு திரும்புது."

அவள் கணவனுடையதுதான் முன்னே போகும் படகு. அது திரும்பினால் எல்லாம் திரும்பும். பதறிப்போய்க் கொடியை இறக்கி, வெளுக்கட்டும் என்று சொட்டு நீலத்தில் முக்கினாள். அவசரத்தில் பாட்டிலே கவிழ்ந்தது.

மேலே ஏறிய கத்தரிப்பூ நிறத்தை நாத்தனார் அண்ணாந்து பார்த்தாள். "இப்ப யாரு செத்தது?"

"நான்தான்!"

படகுகள் இன்னும் வேகமாக வந்தன. கடைசியில், கட்டிலில் கிடந்த வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு வந்து ஏற்றினாள். இரட்டைக் கட்டில் விரிப்பு. காற்று அதைப் பாய்மரம்போல ஊதியது. கம்பம் ஒரு தடவை முனகியது. அப்புறம் அடியோடு முறிந்து கோழிக்கூண்டின்மேல் சாய்ந்தது.

கோழிகள்தான் முதலில் விளக்கம் கேட்டன.

"எந்தப் புயலுக்கும் விழாத கம்பம்" என்றாள் நாத்தனார், கிட்டத்தட்ட மரியாதையோடு.

கணவன் முழங்கால் தண்ணீரில் குதித்து, விறுவிறுவென்று மேடேறி வந்தான். அவள் சிரித்துவைக்கப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனான்.

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இந்த மௌனத்தை என்ன செய்வது என்று அவளுக்கு இத்தனை வருஷத்தில் பிடிபடவில்லை. கயிற்றைச் சுருட்டி, ஒப்படைக்கத் தயாராக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பின்னாலேயே அவன் படகின் இன்ஜின்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அவருக்கு ரொம்பக் கோபமா?" என்றாள் மெதுவாக.

"கோபமா? மூக்குக்கண்ணாடிய மறந்துட்டாரு அண்ணி, அது இல்லாம அவருக்குக் கரையே தெரியாது, அதை எடுக்கத்தான் மொத்தப் படகும் திரும்புச்சு... ஆமா, இங்க ஒரு கம்பம் நின்னுச்சே, எங்க?"