சம்பந்தி அம்மா கொடுத்த ஐந்து பாட்டில்கள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா, ராசா ஊரில் வசிக்கும் திருமதி தங்கேஸ்வரி மகாலிங்கம் அவர்களுக்கு, கோலா பிலா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து பெண்ணின் தகப்பன் நல்லசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி பஞ்சாலையும் நலம். தாங்களும் சம்பந்தி ஐயாவும் மாப்பிள்ளை மகிந்தனும் குறைவில்லாமல் இருக்க எங்கள் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் நலம் என்று எழுதியது மரியாதைக்காக. மற்றது கீழே வருகிறது.

வீட்டுக்கு வீடு போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பஞ்சாலைக்குக் கேட்டுவிடும். எங்கள் வீடு அவ்வளவு பெரிய வீடு. வாட்சப்பில் எழுதினால் மகள் ரோகினி எப்படியும் பார்த்துவிடுவாள், அவள்தான் எனக்கு அதைப் போட்டுக் கொடுத்தவள். அதுவும் போக, நீங்கள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களிடம் போனில் பேசும்போதெல்லாம் நான் 'சரிங்க, ஆமாங்க, நல்லதுங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நீங்கள் கேட்டதற்குக்கூட 'ஆமாங்க' என்றுதான் சொன்னேன். ஆகையால் கடிதம்.

விஷயம் நீங்கள் நிச்சயதார்த்தத்தன்று பஞ்சாலை கையில் கொடுத்த பெட்டியைப் பற்றியது. "இதை இரவில பூசிப்போட்டுப் படுங்கோ, ஒரு மாதத்தில வித்தியாசம் தெரியும்" என்று அன்பாகத்தான் சொன்னீர்கள். அன்பு என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐந்து சின்னச் சின்ன சீரம் பாட்டில், கண்ணுக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு குழாய். கூடவே ஒரு தாள். காய்ந்த தோலுக்கு ஒன்று, எண்ணெய்த் தோலுக்கு ஒன்று, பாதி எண்ணெய் பாதி காய்ந்ததாக இருக்கிற கலப்புத் தோலுக்கு ஒன்று, வயதான தோலுக்கு ஒன்று, எதைத் தடவினாலும் உடனே கோபித்துக்கொள்கிற தோலுக்கு ஒன்று. நான் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன். முதல் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆசிட். இரண்டாவதிலும் ஆசிட், வேறு பெயர். பஞ்சாலை கையிலிருந்த மூடியைக் கீழே வைத்துவிட்டாள்.

சம்பந்தி அம்மா, உங்களுக்கு ஆசிட் என்றால் என்னவோ எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது ரப்பர் பால் உறையவைக்கிற சாமான். இந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறுவதற்கு முன்னால் பஞ்சாலை பால் வெட்டியவள். வாளியிலிருந்து பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் கலந்து, கொஞ்ச நேரத்தில் கட்டியாக உறைந்ததும் உருளையில் விட்டு ஷீட்டாக எடுப்பார்கள். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். அவள் மணிக்கட்டில் இன்னும் அந்த அடையாளம் இருக்கிறது. "இத மூஞ்சில ஊத்திட்டுப் படுத்தா காலைல மூஞ்சி ஷீட்டா ஒறைஞ்சி கெடக்கும். அப்புறம் நீ என்னைய உருட்டி எடுத்து, பொகை போடுற ஸ்மோக் ஹவுஸ்ல தொங்கப் போடுவியா?" என்று கேட்டாள். இது அந்த ஆசிட் இல்லை, வேற ஆசிட் என்று சொன்னேன். "எல்லா ஆசிட்டும் அப்படித்தான் சொல்லும்" என்றாள்.

சரி, வீட்டுக்கு ஆம்பளை என்று ஒருவன் இருக்கிறேனே, நானே பூசிப் பார்த்து ஒப்பிட்டுச் சொல்கிறேன் என்று முன்வந்தேன். முதலில் எனக்கு எந்தத் தோல் என்று கண்டுபிடிக்க வேண்டும். முகம் கழுவி ஒரு மணி நேரம் கழித்து டிஷ்யூ வைத்து ஒற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தது. நான் செம்பனை எண்ணெய் மில்லில் ராத்திரி ஜாகா, அதாவது காவல் வேலை பார்க்கிறவன். அங்கே கேட்டை ஒற்றினாலும் எண்ணெய், நாற்காலியை ஒற்றினாலும் எண்ணெய், எங்கள் மில்லின் நாய்கூட எண்ணெய்த் தோல்தான். ஆகவே டிஷ்யூவை நம்பாமல் முகத்தையே பங்கு போட்டேன். இடது கன்னம் காய்ந்த தோல் பாட்டிலுக்கு, வலது கன்னம் எண்ணெய்த் தோலுக்கு, மூக்கும் தாடையும் கலப்புக்கு, நெற்றி வயதான தோலுக்கு. கோபக்காரத் தோலுக்கு இடம் இல்லாததால் அதை மட்டும் தள்ளி வைத்தேன். படுக்கப் போகும் முன் பூச வேண்டும் என்று போட்டிருந்தது. நான் மில்லிலிருந்து வந்து படுப்பது காலை எட்டு மணிக்கு. எனக்கு அதுதான் ராத்திரி. பூசினேன், படுத்தேன். மத்தியானம் யார் வீட்டு மாடோ வாழைக்கன்றை மேய்கிறது என்று பஞ்சாலை எழுப்பினாள். அதை விரட்டிக்கொண்டு ஓடி, வேலி கட்டி, செம்பனை ஓலைப் பட்டை வெட்டிப் போட்டு, வெயில் சாய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். இப்படியே ஒரு வாரம். மாடும் தவறாமல் வந்தது.

வார முடிவில் என் நெற்றி சுட்ட அப்பளம் மாதிரி சிவந்து உரிய ஆரம்பித்துவிட்டது. மில் மானேஜர் என்னைப் பார்த்து பாய்லர் பக்கம் போனாயா என்று விசாரித்தார், விபத்து என்றால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கிளினிக்கில் ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா, "அங்கிள், இது நைட் சீரம் லா. இதப் போட்டுட்டு வெயில்ல போகக் கூடாது. ராத்திரிலதான் போடணும்" என்றார். "எனக்கு அதுதான் ராத்திரி டாக்டர்" என்றேன். அவர் ஒரு களிம்பு கொடுத்தார். ஆக, ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் கண்டது: இடது கன்னம் பரவாயில்லை, கொஞ்சம் பளபளப்பு. வலது கன்னம் வறண்டு சொரசொரப்பாகிவிட்டது. மூக்கில் மாற்றம் இல்லை. அது என் அப்பா மூக்கு, அதை யாரும் மாற்ற முடியாது. நெற்றியைப் பற்றி மேலே சொல்லியாயிற்று.

இவ்வளவும் சிரிப்பாக எழுதிவிட்டேன். சிரிப்பாக இல்லை சம்பந்தி அம்மா. பஞ்சாலைக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவள் தோல் எப்படி ஆகிவிட்டது என்று நீங்களே பார்த்தீர்கள். பார்த்ததால்தான் கொடுத்தீர்கள். முகம் கறுத்து, உதடு வெடித்து, உடம்பு முழுக்க அரிப்பு. முதுகைச் சீப்பால் சொறிந்துவிடச் சொல்வாள், சொறிந்தால் எரிகிறது என்று அழுவாள், நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று திட்டுவாள். அறைக் கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். நான் இப்போது சவரம் செய்வது மோட்டார் சைக்கிள் கண்ணாடியில். உங்கள் தாளில் ஐந்து வகைத் தோல் போட்டிருக்கிறது. டயாலிசிஸ் தோல் என்று ஒன்றுமே இல்லை. முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் தேடிவிட்டேன். இதைச் செய்தவர்கள் இவள் தோலை மறந்துவிட்டார்களா என்று எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், கோவிச்சுக்காதீங்க. கோபம் உங்கள் மேலும்தான் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக, சபையில், எல்லோரும் பார்க்க ஒரு பொம்பளை கையில் முகத்துக்குப் பூசுகிற சாமானைக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? இந்த மூஞ்சியோடு எங்கள் மேடைக்கு வராதே என்றுதானே அர்த்தம்? நீங்கள் அப்படி நினைக்கவில்லை. இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் நிச்சயம் முடிந்து வேனில் திரும்பி வரும்போது பஞ்சாலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மீதி இருந்தது அந்தக் கோபக்காரத் தோல் பாட்டில். அதில் ஆசிட் இல்லை, என்னமோ ஒரு செடிச் சாறு. ரோகினி போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பெகாகா" என்றாள். நம்ம வல்லாரை! எங்கள் வீட்டுச் சாக்கடை ஓரத்தில் மண்டிக் கிடக்கிறது, மிளகாய்ச் சம்பாலோடு பச்சையாக உலாம் வைத்துத் தின்கிறோம். பஞ்சாலைக்கு அதைக் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. டயாலிசிஸ் நர்ஸிடம் கேட்டேன், ஊசி குத்துகிற கையில் மட்டும் படாமல் போடலாம் என்றார்கள். முகத்திலும் முதுகிலும் நானே தடவிவிட்டேன். குளிர்ச்சியா இருக்கு என்றாள். அன்றைக்கு அவள் சொறியாமல் தூங்கினாள். ஐந்து பாட்டிலில் எது உசத்தி என்று யாராவது உங்களைக் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் சந்தோஷத்தில், "பாத்தியா, இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கிட்டோம்னா கல்யாணத்தன்னிக்கு மேடைல ஜம்முனு நிப்பே" என்று சொல்லிவிட்டேன். பஞ்சாலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் மேடைக்கு வரல. தாரை வாக்குறதுக்கு லெட்சுமிய கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அவளும் அவ புருசனும் நிக்கட்டும்" என்றாள். லெட்சுமி இவள் தங்கச்சி, சி ரூசாவில் இருக்கிறாள். அவள் புருஷன் மணியம் என் சகலை. நல்ல மனுஷன்தான். ஆனால் தகப்பன் நான் குத்துக்கல்லு மாதிரி உயிரோடு இருக்கும்போது, என் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்கிறது மணியமா? பொண்டாட்டி பக்கத்தில் நின்று செம்பிலிருந்து தண்ணீர் விட்டால்தானே நான் மகளைக் கொடுக்க முடியும். அவள் வரவில்லை என்றால் எனக்கும் மேடையில் இடம் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து ஆரஞ்சு தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள்.

ரோகினிக்கு இது தெரிந்து, அம்மா வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று ஒரே அழுகை. எங்களுக்கு இருக்கிறது அவள் ஒருத்தி. நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். அதை மட்டும் சாயங்காலத்தோடு விட்டுவிட்டேன். பஞ்சாலை அசைய மாட்டேன் என்கிறாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை சம்பந்தி அம்மா. நீங்கள் பெட்டி கொடுத்ததால் வந்த மனக்குறை நீங்கள் வந்தால்தான் தீரும். ஒரு நடை வந்து, முகம் எப்படி இருந்தாலும் நீங்கதான் மேடையில நிக்கோணும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வரும்போது, அரிப்பும் கறுப்பும் போவதற்கு இன்னும் பலமான சீரம் ஏதாவது இருந்தால் விசாரித்து வையுங்கள். ஆசிட் என்று மட்டும் அதன் மேல் எழுதியிருக்கக் கூடாது.

அதிகப்பிரசங்கித்தனமாக எழுதியிருந்தால் படிக்காதவன் என்று மன்னியுங்கள். சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குரிய,
நெற்றி ஆறிவரும்,
நல்லசாமி

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். தபால் தலை தேடிப் போன நேரத்தில் பஞ்சாலை இதை எடுத்து முழுக்க வாசித்துவிட்டாள். நான் உள்ளே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. நானும் கூடச் சிரித்தேன். அப்புறம் அவள் அழுதாள். "ஏய்யா, மூஞ்சிக்காகவா வரமாட்டேன்னு சொன்னேன்? இந்த மூஞ்சிய ஊரே பாத்தாச்சு. அந்த அம்மா பெட்டி கொடுத்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணல, நீதான் நெனச்சிக்கிட்டே. தண்ணி ஊத்திட்டா பொண்ணக் கொடுத்தாச்சு, அவ்வளவுதான். எனக்கு இன்னும் எத்தன நாளுன்னு தெரியாது. அதுவரைக்கும் அவ என் மகளா இருக்கணும். என் கையால நானே ஊத்திக் கொடுக்க எனக்கு மனசு வரல. லெட்சுமி ஊத்துனா, நான் கொடுக்கலன்னு நெனச்சிக்கலாம்ல" என்றாள். இத்தனை வருஷம் கூட இருந்து என் மரமண்டைக்கு இது எட்டவில்லை. பாட்டில் பாட்டிலாகப் பூசிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளாகவே ஒன்று கேட்டாள். தண்ணீர் விடும்போது நீங்களும் அந்தச் செம்பில் கை வைப்பீர்களா என்று கேட்கச் சொன்னாள். "ரெண்டு பேரும் சேந்து ஊத்துனா கொடுத்த மாதிரி இருக்காது. அப்படின்னா வரேன்" என்கிறாள். இப்படி வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஐயரிடம் கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லிவிடுவார். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை அவளுக்குப் போன் செய்தால் போதும். கடிதம் ராசாவுக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் இப்போதே போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.