ஜாம் கடையில் ஒரு ரகசிய விசாரணை

ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே மனைவி சொன்ன ஒரு வார்த்தை, ஹெட்கிளார்க்கின் நெஞ்சில் நேராகப் போய்த் தைத்தது.

"இந்தக் கைப்பக்குவம் உங்களுக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராதுங்க."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் கையை அவள் இப்படிக் குறை சொன்னதில்லை. பாராட்டியதும் இல்லை, அது வேறு விஷயம். ஒரு வாரமாகவே வீட்டில் ராஸ்பெர்ரி ஜாம் புராணம்தான். "ஜாம்காரர் என்ன பதமா இறக்கியிருக்கார் பாருங்க." "கலரைப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்." ஊரான் ஒருவனைப் பெண்டாட்டி இப்படிப் புகழ்ந்தால் எந்தப் புருஷனுக்குத்தான் வயிறு எரியாது?

"ஒரே நாள்," என்றார் ஹெட்கிளார்க். "இன்னிக்கே போய் அந்தக் கடை ரகசியத்தைக் கறந்துட்டு வரேன். சாயங்காலம் நான் செஞ்ச ஜாமைச் சாப்பிட்டு நீயே அசந்து போவே."

"எதுக்குங்க வீண் வம்பு? உங்களால முடியாது."

அதற்கப்புறம் அவர் வீட்டில் எங்கே உட்காருவார்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடை என்பது ஒரு வீட்டின் முன்னறை, அவ்வளவுதான். சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள், தட்டு நிறையப் பாட்டில்கள். ஜன்னல் வெயில் பட்டு ஒவ்வொன்றும் சிவப்பாக ஜொலித்தது. மேஜைக்குப் பின்னால் ஜாம்காரர் நின்றார். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

ஹெட்கிளார்க் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியை மெதுவாக எடுத்து விட்டார்.

"சும்மா கேக்கறேன், இதுல என்னென்ன சேர்ப்பீங்க?"

"பழம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு."

"அப்புறம்?"

"அப்புறம் பொறுமை."

"அது சரி. ரகசியமா ஏதாவது இருக்குமே?"

"ரகசியமா? உள்ள வாங்க சார், காட்டறேன்."

துப்பறிய வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பூட்டை உடைக்க வந்தவனிடம் சாவியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

உள்ளே ஜாம்காரரின் மனைவி, அதாவது கடைக்காரம்மா, அகலமான சட்டியில் கிளறிக்கொண்டிருந்தாள். மகள் பழத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கடைக்காரம்மா ஒரு சொட்டு ஜாமைக் குளிர்ந்த தட்டில் விட்டு, விரலால் தள்ளிப் பார்த்தாள். பதம் வந்திருந்தால் மேலே சுருக்கம் விழ வேண்டும்; விழவில்லை. "இன்னும் ஒரு நிமிஷம்." மறுபடி ஒரு சொட்டு. மறுபடி ஒரு நிமிஷம். நான்காவது சொட்டில்தான் மெல்லிய சுருக்கம் விழுந்தது. சட்டி உடனே இறங்கியது.

ஹெட்கிளார்க் சட்டியை எட்டிப் பார்த்தார். அவர் ஆபீசில் ஃபைலைத் திறக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். இங்கே ஒரு சட்டி ஜாமுக்கு நாலு தடவை பரிசோதனை. வேவு பார்க்க வந்ததே அவருக்கு மறந்து போயிற்று. இப்படி ஒரு வேலையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், அவருக்கும் தோன்றியது.

"அண்ணே, அடுத்த சட்டியை நீங்க கிளறறீங்களா?" என்றாள் கடைக்காரம்மா. "இவருக்குக் கை வீங்கிக் கெடக்கு."

கிளறினார். ஒரு மணி நேரம் கிளறினார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் அவர் விரல் பட்டே சுருக்கம் விழுந்தபோது, மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல கை அண்ணே," என்று சொல்லி, அந்தச் சட்டியிலிருந்தே ஒரு பாட்டில் நிரப்பிக் கையில் திணித்தார்கள்.

திரும்பும் வழியில் ஈரக் கைக்குட்டையால் பாட்டில் மேலிருந்த கடை லேபிளைத் தேய்த்துத் தேய்த்து உரித்தார். நாமே கிளறியதுதானே, இதில் என்ன பொய் என்று மனசாட்சிக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"இந்தா. நான் செஞ்சது."

மனைவி ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். "நிஜமாவே பிரமாதம்ங்க."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"எங்க வெச்சு செஞ்சீங்க?"

"அது... தெரிஞ்சவங்க வீட்டு அடுப்புல."

மனைவி பாட்டிலைச் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினாள். ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. பெண்பிள்ளை கையெழுத்து: 'கிளறியது: புது மாமா.'

"யார் கிளறினாங்கன்னு அடியில எழுதி ஒட்டறது அவங்க பழக்கம். காலி பாட்டிலைக் கழுவறது நான்தானே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹெட்கிளார்க் தரையைப் பார்த்தார். "கோவமா?"

"எதுக்குக் கோவம்? பழ சீசன் முடியற வரைக்கும் கிளற நம்பிக்கையா ஒரு ஆள் வேணும்னு கடைக்காரம்மா கேட்டாங்க. நேராச் சொன்னா ஹெட்கிளார்க் கரண்டி பிடிப்பாரா? அதான் ஒரு வாரமா அவர் ஜாமைப் புகழ்ந்தேன்."

"அப்ப... இப்ப பிரமாதம்னு சொன்னது?"

"அது நிஜம்ங்க. அதனாலதான், சனிக்கிழமை மட்டும் வருவார்னு அவங்ககிட்ட சொன்னதை மாத்தி, ஞாயித்துக்கிழமையும் வருவார்னு இப்பவே போன்ல சொல்லப் போறேன்."