தானாக ஏறி இறங்கும் பட்டன்கள்

இனிமேல் இந்தப் போர்டை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று நம்ம லைட்டுக்காரர் அறிவித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி ஒருத்திதான். ஆகவே அந்த 'யாரும்' யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மணி கையில் சாப்பாட்டுத் தட்டு. வைக்க இடமில்லை. சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு அந்தப் போர்டு படுத்திருந்தது.

லைட்டுக்காரருக்கு மேடை நிகழ்ச்சிகளுக்கு விளக்குப் போடுகிற தொழில். பன்னிரண்டு எல்.இ.டி. விளக்குகள், ஒரு வேன், விளக்குகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஆட்டிவைக்கிற சின்னப் போர்டு ஒன்று. இவர் ஏணியில் நின்று விளக்கைத் திருப்புவார். அம்மணி கீழே உட்கார்ந்து சின்னப் போர்டைத் தட்டுவாள். எட்டு வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் நன்றி சொன்னவர், "பிரமாதமா லைட்டு போட்ட அக்காவுக்கும், கூட வந்த அண்ணனுக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டார். கூட வந்த அண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாவது நாள் எழுந்து நேராகக் கடைக்குப் போனார். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் இந்தப் பெரிய போர்டைத் தூக்கிக் கொடுத்தார்.

போர்டு என்றால் போர்டு, அப்படி ஒரு போர்டு. சுவிட்சைப் போட்டதும் திரை நீலமாக விழித்தது. மேலும் கீழும் தள்ளுகிற பட்டன்கள் பத்து, வரிசையாக. தொழிலில் அதற்கு ஃபேடர் என்று பேர். ஒரு பொத்தானை அமுக்கினால் பத்து ஃபேடரும் யாரும் தொடாமல், தானாகவே சர்ரென்று ஏறி, தானாகவே இறங்கின. லைட்டுக்காரர் கைகூப்பாத குறை. முதல் நாள் முழுக்க அந்தப் பொத்தானை மட்டுமே அமுக்கிக்கொண்டிருந்தார்.

"சின்னப் போர்டுல என்னங்க குறை? நம்ம பன்னண்டு லைட்டுக்கு அது போதாதா?"

"இன்னிக்குப் பன்னண்டு. நாளைக்கு நூத்தி இருபது ஆச்சுன்னா?"

"நூத்தி இருபதையும் வேன்ல யாரு ஏத்துவா?"

போர்டோடு வந்த நானூறு பக்கக் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் நாட்டியப் பள்ளி ஒன்றின் நிகழ்ச்சி இருந்தது. அதில் விளக்கு நன்றாக அமைந்தால் பெரிய போர்டு வீட்டோடு தங்கும். போர்டுக்கு முன்னால் இருக்கிற நாற்காலி ஆயுசுக்கும் லைட்டுக்காரருக்குத்தான். சொதப்பினால் பெரியது கடைக்குத் திரும்பும். நாற்காலி பழையபடி அம்மணிக்கு. நாட்டிய டீச்சர் வேறு ஒரு கொக்கி போட்டிருந்தார். கடைசி ஆட்டம் முடியும்போது மேடையில் சூரியன் உதிக்க வேண்டும், அது மட்டும் மனசுக்குப் பிடித்தால் இந்த வருஷத்து நிகழ்ச்சிகள் அத்தனையும் உங்களுக்கே என்று.

அடுத்த நாலு நாளும் லைட்டுக்காரர் கையேடும் கையுமாக இருந்தார். படித்ததை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். ஆகையால் அம்மணி காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பின்னாலேயே நடந்து பாடம் எடுத்தார். ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் குட்டித் திரை ஒன்று இருக்கிறது, அதில் ஓர் எண் வைக்க வேண்டும், போர்டு அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் விளக்கு திரும்பிப் பார்க்கும் என்றார். எட்டு வருஷமாக அந்த எண்களை வைத்துக்கொண்டிருந்தவள் அம்மணிதான். ஆனாலும் 'உம்' கொட்டினாள்.

இந்த முறை எண்களை அவரே வைத்தார். முதல் விளக்குக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படியே பன்னிரண்டு வரை, பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற மாதிரி.

"என்னங்க, ஒரு லைட்டு செவப்பு, பச்சை, நீலம், மினுக்குன்னு ஏழு வேலை செய்யுது. அது ஒண்ணுக்கே ஏழு நம்பர் வேணுமே. அடுத்த லைட்டு குறைஞ்சது எட்டுலேர்ந்துதானே ஆரம்பிக்கணும்?"

"அது பழைய போர்டும்மா. இதுக்கு மூளை இருக்கு, அதுவே பாத்துக்கும்."

அம்மணி துணியை மடித்து வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் கையேட்டிலிருந்து தலையைத் தூக்கியபோது, அடுக்களைச் சுவர் ஆரஞ்சு நிறத்தில் மெல்ல மெல்லப் பழுத்துக்கொண்டிருந்தது. என்னம்மா அது என்று கேட்டார். விளக்கையெல்லாம் துடைத்து, எரிகிறதா என்று பார்க்கிறேன் என்று பதில் வந்தது. பொறுப்பான மனைவி என்று மெச்சிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நிகழ்ச்சி நாள். ஒத்திகை மத்தியானம் மூன்று மணிக்கு. மேடையின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டுகளில் நான்கு நான்கு விளக்குகள், பின்னால் தொங்கிய வெள்ளைத் திரைக்குக் கீழே தரையில் நான்கு. அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் பெரிய போர்டு. அங்கிருந்து மேடை வரைக்கும் நீளமாக ஒரு கேபிள். அம்மணியைப் போர்டு பக்கமே அண்டவிடக் கூடாது என்று லைட்டுக்காரர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். ஆடுகிற பெண்கள் எங்கெங்கே நிற்பார்களோ அங்கெல்லாம் அவளை நிற்கவைத்து விளக்கைத் திருப்பினார். அது முடிந்ததும் காதில் ஒரு ஹெட்செட்டை மாட்டி, மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் உட்காரச் சொன்னார். அவர் சொல்வதற்கெல்லாம் 'ஆமாங்க' என்று சொல்வது அவள் வேலை.

"செவப்பு" என்று ஹெட்செட்டில் கம்பீரமாகச் சொல்லி ஃபேடரைத் தள்ளினார்.

முதல் விளக்கு சிவந்தது. இரண்டாவது பச்சையானது. மூன்றாவதுக்கு நீலம் பிடித்தது. ஐந்தாவது கண்ணடித்தது, ஏழாவது எரியவே மறுத்தது. இவர் ஒன்றைத் தொட்டால் பக்கத்திலிருக்கிற நாலும் சேர்ந்து ஆடின. நாட்டிய டீச்சர் மேடை நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு மணிக்குக் கதவைத் திறப்பாங்க என்று மட்டும் சொன்னார். லைட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. நாற்காலி போகட்டும், ஒரு வருஷத்து வேலையே கண்ணெதிரே நழுவுகிறதே என்று நினைத்தார். கடைக்காரருக்குப் போன் போட வாசலுக்கு ஓடினார்.

கடைக்காரர் இருபது நிமிஷம் காத்திருக்க வைத்து, அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றார். லைட்டுக்காரர் திரும்பி வந்தார். அணைத்தார். போட்டார். "செவப்பு" என்றார்.

பன்னிரண்டு விளக்கும் ஒன்றாகச் சிவந்தன.

"நீலம்" என்றார். நீலமானது. "அணை" என்றார். அணைந்தது. லைட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, ஃபேடர்களைத் தடவிக் கொடுத்தார். மூளை இருக்குன்னு சொன்னேனா இல்லையா என்று ஹெட்செட்டில் கேட்டார். ஆமாங்க என்றாள் அம்மணி.

சாயங்காலம் அரங்கம் நிரம்பியது. லைட்டுக்காரர் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லி, விரலால் தள்ளினார். சொன்னது சொன்னபடி நடந்தது. சில இடங்களில் அவர் சொல்ல மறந்ததும் நடந்தது. அவ்வளவு புத்திசாலியான போர்டு என்று புல்லரித்துப்போனார்.

கடைசி ஆட்டம் வந்தது. மேடை முழு இருட்டு. "சூரியன்" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினார். ஃபேடர்கள் எட்டே விநாடியில் தானாக உச்சிக்கு ஏறி நின்றுவிட்டன. அவர் பதிவுசெய்து வைத்தது அவ்வளவுதான். ஆனால் மேடையில் அப்போதுதான் வெள்ளைத் திரையின் அடியில் கரிய சிவப்பில் ஒரு கோடு தெரிந்தது. அது அவசரப்படவில்லை. ஆடுகிற பெண்ணின் கை உயர உயர, கோடு அகன்று குங்கும நிறமானது, பிறகு ஆரஞ்சு, பிறகு பழுத்த மஞ்சள். பக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்து ஒவ்வொரு முகத்தையும் தொட்டன. அரங்கத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. லைட்டுக்காரர் எத்தனையோ வருஷமாக விளக்கோடு மாரடிக்கிறவர். இப்படி ஒரு விடியலை மேடையில் பார்த்ததில்லை. அவருக்குக் கண் கலங்கியது. கை கூப்பியே விட்டார்.

"பாத்தியாம்மா. மெஷின்னா இது."

"ஆமாங்க."

நிகழ்ச்சி முடிந்ததும் டீச்சர் வந்து, இந்த வருஷம் முழுக்க நீங்கதான் என்றார். சொல்லிவிட்டு அம்மணியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெண்கள் பெண்கள் கையைத்தானே பிடிப்பார்கள் என்று லைட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். டீச்சர் அந்தப் பக்கம் போனதும், பெரிய போர்டு வீட்டோடு தங்குகிறது, சின்னதை யாருக்காவது தள்ளிவிடலாம் என்று தீர்ப்பும் சொன்னார். அம்மணி தலையாட்டிவிட்டு வேனைத் திறக்கப் போனாள்.

விளக்குகளைக் கழற்றும்போதுதான் அவர் அதைப் பார்த்தார். இரண்டாவது விளக்கின் முதுகில் இரண்டு என்று இல்லை. பதினேழு என்று இருந்தது. மூன்றாவதில் முப்பத்து மூன்று. ஒரு விளக்குக்குப் பதினாறு இடம் விட்டுத் தாண்டிப் போகிற அந்தக் கணக்கு சின்னப் போர்டின் கணக்கு; எட்டு வருஷமாகப் பார்த்த கணக்கு. லைட்டுக்காரர் விளக்கைக் கீழே வைத்தார். பெரிய போர்டிலிருந்து வந்த கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு அது போகிற வழியே நடந்தார். அது நடைபாதையோரமாகப் போய், படியேறி, மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் நுழைந்தது. அங்கே ஓர் ஆணியில், சுருட்டி, அம்மணி கட்டுகிற அதே இரட்டை முடிச்சோடு தொங்கியது. நுனி எதிலும் செருகப்படவில்லை. பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியின் மேல் சின்னப் போர்டு, இன்னும் சூடு ஆறாமல். மேலே ஹெட்செட்.

பத்து ஃபேடரும் சாயங்காலம் முழுக்க ஏறி இறங்கியது எதற்கு என்று யோசித்தபடி லைட்டுக்காரர் அங்கேயே நின்றார். அந்த விடியல் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. கோபப்பட வேண்டும் என்று பார்த்தார், வரவில்லை. அடுக்களைச் சுவர் பழுத்தது ஞாபகம் வந்தது. வியப்புதான் வந்தது, அதுவும் மெஷின் மேல் இல்லை.

அம்மணி திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள். அவர் கையில் கேபிளைப் பார்த்தாள். ஒன்றும் நடக்காதது போல அதை வாங்கிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"பெரிசைத் திருப்பிக் குடுத்துடலாம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வேண்டாங்க, இருக்கட்டும்" என்றாள் அம்மணி. "நீங்களும் எங்கயாவது உக்காரணுமில்ல?"